சங்ககிரி, ராசிபுரம், அவிநாசி: ப. தனபாலின் தேர்தல் கணக்கு

ப. தனபால் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு ஏழு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1977, 1980, 1984, 2001 ஆகிய நான்கு தேர்தல்களில் சங்ககிரியிலும், 2011இல் ராசிபுரத்திலும், 2016இலும் 2021இலும் அவிநாசியிலும் வென்றார். ஏழு வெற்றிகளும் ஒரே கட்சியில், அ.தி.மு.க. வேட்பாளராகப் பெற்றவை. 2011இல் துணை சபாநாயகரானார். 2012 அக்டோபர் 10 அன்று சபாநாயகராகப் போட்டியின்றித் தேர்வானார். 2021 மே வரை அந்த நாற்காலியில் இருந்தார். நாமகிரிப்பேட்டை வட்டாரத்துக்கு அவர் ராசிபுரம் எம்.எல்.ஏ.வாக அறிமுகமானவர். ஐந்தே ஆண்டுதான் என்றாலும், அவருடைய பொதுவாழ்வின் திருப்பம் அந்த ஐந்தாண்டில் நிகழ்ந்தது.

வென்ற ஆண்டுகளை வரிசையாக எழுதினால் நீண்ட, சீரான பயணம் போலத் தெரியும். தேர்தல் வேலையில் இருந்தவர்கள் அந்தப் பட்டியலை அப்படிப் படிப்பதில்லை. 1984க்கும் 2001க்கும் நடுவே பதினேழு ஆண்டு இடைவெளி இருக்கிறது. 2001க்கும் 2011க்கும் நடுவே இன்னொரு இடைவெளி. ஒவ்வொரு இடைவெளிக்குப் பிறகும் கட்சி மீண்டும் சீட் கொடுத்திருக்கிறது. மூன்று ஊர்களில் மூன்று வகையான வாக்காளர்கள் அவரை ஏற்றிருக்கிறார்கள். சட்டமன்ற உறுப்பினர் வேலையை ஒரு தொழிலாகப் பார்த்தால், அதில் கடினமான பகுதி முதல் வெற்றி அன்று. இடைவெளிக்குப் பிறகு கிடைக்கும் அடுத்த வாய்ப்புதான்.

தனபால் 1951இல் பிறந்தவர், சேலம் மாவட்டத்துக்காரர். 1977இல் முதல்முறை சட்டமன்றத்துக்குப் போனபோது இருபத்தைந்தைத் தாண்டியிருந்தார். எம்.ஜி.ஆர். 1972இல் கட்சி தொடங்கி ஐந்தே ஆண்டில் ஆட்சியைப் பிடித்த தேர்தல் அது. ஊர் ஊராகப் பரம்பரைச் செல்வாக்குள்ள குடும்பங்களை நம்பாமல், மன்றத்திலிருந்தும் கிளையிலிருந்தும் வந்த இளைஞர்களைப் புதிய கட்சி வேட்பாளராக்கியது. தனித் தொகுதிகளில் இது இன்னும் கூடுதலாக நடந்தது. அன்று சங்ககிரி தனித் தொகுதி. 1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம் நடந்த மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. தமிழ்நாட்டில் இரண்டே இடங்களில்தான் வென்றிருந்தது. சில மாதங்களில் வந்த சட்டமன்றத் தேர்தலில் அதே வாக்காளர்கள் கட்சியை மீண்டும் ஆட்சியில் அமர்த்தினார்கள். சங்ககிரியும் அந்த வரிசையில் நின்றது. 1984 டிசம்பரில் மூன்றாவது வெற்றி. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் சிகிச்சையில் இருக்க, இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட முடியாத நிலையில் நடந்த தேர்தல் அது.

இந்த மூன்றும் வாக்குச்சீட்டுக் காலத் தேர்தல்கள். பெட்டியைத் திறந்து கொட்டி, கலந்து, சின்னவாரியாகப் பிரித்து, கட்டுக் கட்டாக அடுக்கி எண்ண வேண்டும். முத்திரை இரண்டு சின்னங்களுக்கு நடுவே விழுந்த சீட்டு யாருக்கு, செல்லுமா செல்லாதா என்று முகவர்கள் மேசைக்கு மேசை வாதாடுவார்கள். எண்ணி முடிய இரவாகும், சில இடங்களில் மறுநாள் விடியும். 2001இல் அவர் நான்காவது முறை வென்றபோது தமிழ்நாடு முழுவதும் வாக்குப்பதிவு இயந்திரம் வந்துவிட்டது. செல்லாத வாக்கு பற்றிய சண்டை மறைந்தது. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு சாவடியிலும் எத்தனை வாக்கு பதிவாயிற்று என்று எழுதித் தரும் 17சி படிவம் முகவருக்கு உயிரானது. எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் மொத்தமும் கையிலுள்ள படிவத்தின் மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே அவருடைய முதல் வேலை. இரண்டு முறைகளிலும் வென்ற உறுப்பினர்கள் ஒரு தலைமுறையோடு முடிந்துபோகிறவர்கள். தனபால் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்.

எம்.ஜி.ஆர். மறைந்தபின் கட்சி இரண்டாகப் பிளந்தது. 1988 ஜனவரி 28 அன்று அவர் மனைவி ஜானகியின் அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. சபாநாயகர் பி.எச். பாண்டியன். அவைக்குள் அடிதடி நடந்து, போலீஸ் உள்ளே வந்தது. இரண்டு நாளில் ஆட்சி கலைக்கப்பட்டது. தனபால் உறுப்பினராக இருந்த எட்டாவது சட்டமன்றம் அப்படித்தான் முடிந்தது. இருபத்தொன்பது ஆண்டு கழித்து அதே கட்சி மீண்டும் இரண்டாகப் பிளந்து இன்னொரு நம்பிக்கை வாக்கெடுப்பு வந்தபோது சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் அவரே.

1989 தேர்தலில் அ.தி.மு.க.வின் இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டிருந்தது. ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. சங்ககிரி தி.மு.க.வின் வரதராஜனுக்குப் போனது. 1991இல் அ.தி.மு.க. அங்கே டாக்டர் வி. சரோஜாவை நிறுத்தி வென்றது, 1996இல் தி.மு.க.வின் வி. முத்து வென்றார். 2001இல்தான் தொகுதி தனபாலிடம் திரும்பியது. அந்த முறை உணவுத் துறை அமைச்சராகவும் ஆனார். 2006இல் சங்ககிரியை தி.மு.க.வின் வி.பி. துரைசாமி கைப்பற்றினார்.

அவருடைய வாழ்க்கையின் அடுத்த பகுதியை எந்த வாக்காளரும் தீர்மானிக்கவில்லை. 2008இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறை தீர்மானித்தது. சங்ககிரி பொதுத் தொகுதியாயிற்று. அதுவரை பொதுத் தொகுதியாக இருந்த ராசிபுரம் தனித் தொகுதியாயிற்று. ராசிபுரம் என்ற பெயரில் இருந்த தனி மக்களவைத் தொகுதி மறைந்து, நாமக்கல் என்ற பொதுத் தொகுதி வந்தது. தமிழ்நாட்டின் 234 இடங்களில் 44 பட்டியல் சாதியினருக்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டு பழங்குடியினருக்கும் என்று கணக்கு மாறியது. பொதுத் தொகுதி உறுப்பினர் முப்பது ஆண்டு ஓர் ஊரில் வேரூன்றலாம். தனித் தொகுதி உறுப்பினர் எவ்வளவு நன்றாகப் பணி செய்திருந்தாலும், ஒரு மறுவரையறை ஆணையில் அந்த மண் அவர் காலடியிலிருந்து போய்விடும். பொதுத் தொகுதியில் அவர் நிற்கச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் எந்தப் பெரிய கட்சியும் அங்கே பட்டியல் சாதி வேட்பாளருக்கு எளிதில் சீட் தருவதில்லை. நம் தேர்தல் அமைப்பின் பெரிய அநீதிகளில் இது ஒன்று. தேர்தல் அறிக்கைகள் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

அதனால் 2011இல் ராசிபுரத்தில் எதிரெதிரே நின்ற இருவரும் சங்ககிரியிலிருந்து வந்தவர்கள். அ.தி.மு.க.வில் தனபால்; தி.மு.க.வில் 2006இல் சங்ககிரியை வென்ற துரைசாமி. துரைசாமி அப்போது துணை சபாநாயகர். 1989இலும் அதே பதவியில் இருந்தவர். அவரை 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்கடித்த தனபால், அவர் விட்டுப்போன துணை சபாநாயகர் பதவியிலேயே போய் அமர்ந்தார். ஏப்ரல் 13 வாக்குப்பதிவு, மே 13 எண்ணிக்கை. அந்த முப்பது நாளும் இயந்திரங்கள் இருந்த அறைக்கு வெளியே இரண்டு கட்சிக்காரர்களும் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். எண்ணும் நாளில், முதல் சில சுற்றுகளிலேயே நிலவரம் புரிந்துவிட்டது. அந்தத் தேர்தலில் மாநிலம் முழுவதும் அ.தி.மு.க. அணி 203 இடங்களைப் பிடித்திருந்தது. அந்த அலையைக் கழித்துவிட்டு ஒரு தனி வேட்பாளரின் பலத்தை அளப்பது கடினம்.

ராசிபுரம் வட்டம் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளில் பிரிந்து கிடக்கிறது. ஒரு பகுதி ராசிபுரத்தில், மறு பகுதி கொல்லிமலையோடு சேர்ந்து சேந்தமங்கலத்தில். நாமகிரிப்பேட்டை வட்டாரத்தில் எந்த மனுவை எந்த எம்.எல்.ஏ.விடம் கொடுப்பது என்பதே கட்சிக் கிளைச் செயலாளர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒரு கணக்கு. மஞ்சளும் மரவள்ளியும் இந்த வட்டாரத்தின் வரவு செலவு. செவ்வாய்க்கிழமை ஆர்.சி.எம்.எஸ். கூட்டுறவு விற்பனைச் சங்க ஏலத்தில் விரலி, உருண்டை, பனங்காளி என்று பிரித்துக் கூறும் விலைதான் அந்த வாரப் பேச்சு. 2010இல் உச்சத்தில் இருந்த மஞ்சள் விலை 2012க்குள் அடியோடு சரிந்தது. மஞ்சள் ஒன்பது பத்து மாதப் பயிர். விலை விழுந்ததும் மாற்றிக்கொள்ள வழியில்லை. புதிய எம்.எல்.ஏ. பதவியேற்று முதல் ஓராண்டுக்குள் வந்து விழுந்த பெரிய குறை இதுவே. விலை உறுப்பினர் கையில் இல்லை. ஆனாலும் அவர் வீட்டு வாசலில்தான் விவசாயி வந்து நிற்பார்.

எம்.எல்.ஏ. வேலையின் பெரும்பகுதி சட்டமன்றத்தில் நடப்பதில்லை. விடியற்காலையில் வாசலில் கூடும் கூட்டம். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, மாணவர் சேர்க்கைக்குச் சிபாரிசுக் கடிதம், மின்மாற்றி பழுது. ஒரே முகூர்த்த நாளில் பல கல்யாணங்கள், காதுகுத்து, துக்க வீடு. தொகுதி மேம்பாட்டு நிதியில் நிழற்குடை, தார்ச்சாலை, மேல்நிலைத் தொட்டி, பள்ளிக்குக் கூடுதல் வகுப்பறை. துக்க வீட்டுக்கு வராத எம்.எல்.ஏ.வை ஊர் மறப்பதில்லை. கல்யாணத்துக்கு வராததை மன்னித்துவிடும். தனித் தொகுதி உறுப்பினருக்கு இதில் கூடுதலாக ஒரு சுமை உண்டு. 1932 பூனா ஒப்பந்தத்தின்படி தனித் தொகுதியில் வேட்பாளர் மட்டுமே பட்டியல் சாதியினர், வாக்களிப்பவர்கள் எல்லோரும். ராசிபுரத்தில் கொங்கு வேளாளர், செங்குந்தர், வன்னியர் வாக்குகள் இல்லாமல் யாரும் வெல்ல முடியாது. எனவே எல்லாத் தெருவிலும் சமமாக நின்று பேசத் தெரிந்தவரே இத்தகைய தொகுதியில் நிலைப்பார். அதே நேரம், தன் தெருவுக்காக உரக்கப் பேசவில்லை என்ற மனக்குறையும் அவர் மேல்தான் வரும். தனபால் அருந்ததியர் சமூகத்தவர். கொங்கு வட்டாரப் பட்டியல் சாதியினரில் பெரும்பகுதியினர் அச்சமூகத்தினர். ஆனால் கல்வியிலும் அரசு வேலையிலும் மிகப் பின்தங்கியிருந்ததால்தான் 2009இல் 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று. அந்தச் சமூகத்திலிருந்து ஒருவர் சட்டமன்றத்தின் உச்ச நாற்காலிக்குப் போனது சாதாரண விஷயமன்று.

2012 செப்டம்பர் இறுதியில் சபாநாயகர் டி. ஜெயக்குமார் பதவி விலகினார். அக்டோபர் 10 அன்று தனபால் அந்த இடத்துக்கு வந்தார். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1946 முதல் 1955 வரை சபாநாயகராக இருந்த ஜெ. சிவசண்முகம் பிள்ளைக்குப் பிறகு பட்டியல் சாதியிலிருந்து அந்தப் பதவிக்கு வந்தவர் தனபால்தான். இரண்டு பேருக்கும் நடுவே ஏறத்தாழ அறுபது ஆண்டு. சமூக நீதியை அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசிய மாநிலத்தில் அந்த அறுபது ஆண்டு ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியை எல்லாக் கட்சிகளுமே எதிர்கொள்ள வேண்டும்.

சபாநாயகரின் தொகுதிக்கு ஒரு விசித்திரமான நிலை ஏற்படுகிறது. அவர் கேள்வி நேரத்தில் எழுந்து கேட்க முடியாது. மானியக் கோரிக்கை விவாதத்தில் பேச முடியாது. கவன ஈர்ப்புக் கொண்டுவர முடியாது. வாக்கெடுப்பிலும் சமநிலை ஏற்பட்டால் மட்டுமே அவருக்கு வாக்கு. அதனால் 2012 முதல் 2016 வரை அவை நடவடிக்கைக் குறிப்புகளில் ராசிபுரம் உறுப்பினரின் கேள்விகளைத் தேடிப் பயனில்லை. இன்னொரு பக்கம், சபாநாயகர் தொலைபேசியில் அழைத்தால் துறைச் செயலாளர் எடுப்பார், கோப்பு நகரும். ஒரு தொகுதிக்கு எது நல்லது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் கேட்டுப் பெற்றதற்கு அவைக் குறிப்பில் சான்று இருக்கும். தொலைபேசியில் பெற்றதற்கு இருக்காது. வாக்காளர் தம் உறுப்பினரை மதிப்பிட எழுத்தில் உள்ள சான்றே தேவை.

ராசிபுரம் தொகுதியின் கடைசிச் சாவடிகளுக்குப் போனால் இதன் பொருள் நன்றாகப் புரியும். போதமலையில் கீழூர், மேலூர், கெடமலை என்ற மலையூர்கள் இருக்கின்றன. பல தேர்தல்களாக வாக்குப்பதிவு இயந்திரங்கள் அங்கே தலைச்சுமையாகவே போயின. அலுவலர்கள் முந்தைய நாளே அடிவாரத்திலிருந்து பாறையும் சரளையுமான ஒற்றையடிப் பாதையில் ஏறினார்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் மறுபடி அதே வழியில் இறக்கம். நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வரும் பாதையும் அதுவே. அந்த மலைக்கு நிரந்தரச் சாலைப்பணி தொடங்கியதே 2021க்குப் பிந்தைய ஆண்டுகளில்தான். வாக்குப் பெட்டி அரை நூற்றாண்டுக்கு மேல் ஏறி இறங்கிய மலைக்குச் சாலை இவ்வளவு தாமதமானதற்கு எல்லாக் கட்சி உறுப்பினர்களும் பொறுப்பு. தனபால் காலமும் அதில் சேரும்.

பிரிட்டனில் சபாநாயகரானவர் கட்சியை விட்டு விலகுவார். அடுத்த தேர்தலில் பெரிய கட்சிகள் வழக்கமாக அவரை எதிர்த்து வேட்பாளர் நிறுத்துவதில்லை. இங்கே அந்த வழக்கம் இல்லை. சபாநாயகர் அதே கட்சியின் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். அவரை எதிர்த்து எல்லோரும் நிற்பார்கள். நடுநிலையை எதிர்பார்க்கும் நாடு, அதற்குரிய பாதுகாப்பைத் தரவில்லை. 2016இல் கட்சி அவரை ராசிபுரத்திலிருந்து அவிநாசிக்கு மாற்றியது. ராசிபுரத்தில் டாக்டர் சரோஜாவை நிறுத்தி, துரைசாமியை 9,631 வாக்குகளில் வென்றது. தனபால் அவிநாசியில் 30,674 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஜூன் 3 அன்று மீண்டும் சபாநாயகர்.

அந்த இரண்டாவது முறைதான் அவர் பெயரை நாடறியச் செய்தது. 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தார். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு நம்பிக்கை கோரியது. எதிர்க்கட்சிகளும், அ.தி.மு.க.வில் பிரிந்து நின்ற ஓ. பன்னீர்செல்வம் அணியும் ரகசிய வாக்கெடுப்புக் கேட்டன. சபாநாயகர் மறுத்தார். மைக்குகள் உடைந்தன, அவரது மேசை சூழப்பட்டது, அவை இரண்டு முறை ஒத்திவைக்கப்பட்டது, தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டனர். உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணியதில் அரசுக்கு ஆதரவு 122, எதிர்ப்பு 11. அடுத்த மாதம் 23ஆம் தேதி தி.மு.க. அவரை நீக்கக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தது. அரசியல் சட்டப்படி அந்த நேரத்தில் அவர் தலைமை வகிக்கக் கூடாது. துணை சபாநாயகர் பொள்ளாச்சி ஜெயராமன் நடத்தினார். தீர்மானம் 97க்கு 122 என்று தோற்றது.

ஆகஸ்ட் 22 அன்று அ.தி.மு.க.வின் டி.டி.வி. தினகரன் ஆதரவு உறுப்பினர்கள் 19 பேர் ஆளுநரைச் சந்தித்து, முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தனர். அரசுக் கொறடா புகார் அளித்தார். ஒருவர் திரும்பிவிட, மீதமுள்ள 18 பேரைக் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார். கட்சி உறுப்பினர் தகுதியைத் தாமாகக் கைவிட்டார்கள் என்பது காரணம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூன் 14 அன்று தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி உத்தரவு செல்லும் என்றார், நீதிபதி எம். சுந்தர் செல்லாது என்றார். மூன்றாவது நீதிபதி எம். சத்தியநாராயணன் அக்டோபர் 25 அன்று செல்லும் என்று தீர்த்தார். சட்டப்படி உத்தரவு நின்றது. ஆனால் அரசுக்கு எதிராக வாக்களித்த பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் மீதான மனு முடிவின்றிக் கிடந்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைச் சபாநாயகரிடமே விட்டது. ஒரு புகார் ஒரு மாதத்துக்குள் முடிய, இன்னொன்று ஆண்டுக்கணக்கில் நீடித்ததை நியாயப்படுத்துவது கடினம். ஆளும் கட்சிக்காரரையே நீதிபதியாக்கும் பத்தாவது அட்டவணையின் அடிப்படைக் குறை இது. எந்தக் கட்சி ஆண்டாலும், எந்த மாநிலத்திலும் இதே கதை நடக்கிறது.

18 தொகுதி மக்கள் இடைத்தேர்தல் வரை ஒன்றரை ஆண்டுக்கு மேல் உறுப்பினர் இல்லாமல் இருந்தார்கள். 2019 ஏப்ரல், மே மாதங்களில் மொத்தம் 22 இடங்களுக்கு நடந்த இடைத்தேர்தலில் தி.மு.க. 13, அ.தி.மு.க. 9 வென்றன. அரசு தப்பியது.

2021 ஏப்ரல் 6 தேர்தலில் அ.தி.மு.க. ஆட்சியை இழந்தது. தனபால் அவிநாசியில் 50,902 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். முந்தைய வித்தியாசத்தை விட இருபதாயிரம் கூடுதல். அவரை எதிர்த்து தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில் நின்றவர் ஆதித்தமிழர் பேரவையின் இரா. அதியமான். அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுக்காகத் தெருவில் நின்று போராடிய தலைவரும், அதே சமூகத்திலிருந்து கட்சி வழியே சபாநாயகரானவரும் நேருக்கு நேர் நின்ற போட்டி அது. மேற்கு மாவட்டங்கள் அந்த முறை பெரும்பாலும் இரட்டை இலையிடமே இருந்ததால், முடிவை வைத்து இருவரில் எவர் பாதை சரி என்று கூற முடியாது. ராசிபுரத்தில் அதே தேர்தலில் தி.மு.க.வின் டாக்டர் மா. மதிவேந்தன் டாக்டர் சரோஜாவை 1,952 வாக்கில் வென்றார். இங்கே பத்தாண்டில் தனபாலின் 24 ஆயிரம், சரோஜாவின் 9 ஆயிரம் என்று குறைந்துவந்த வித்தியாசம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. மதிவேந்தன் அமைச்சரானார். எதிர்த்தரப்பில் 2011இலும் 2016இலும் நின்ற துரைசாமி 2020இலேயே பா.ஜ.க.வில் சேர்ந்திருந்தார்.

2021 மே மாதத்தில் மு. அப்பாவு சபாநாயகராகப் பொறுப்பேற்றார். தனபால் எட்டரை ஆண்டுக்குப் பிறகு சாதாரண உறுப்பினராக எதிர்க்கட்சி வரிசைக்குத் திரும்பினார். 2024 மக்களவைத் தேர்தலில் அவருடைய மகன் லோகேஷ் தமிழ்ச்செல்வனை அ.தி.மு.க. நீலகிரி தனித் தொகுதியில் நிறுத்தியது. அவிநாசி அந்தத் தொகுதிக்குள் அடங்கியது. தி.மு.க.வின் ஆ. ராசா வென்றார். பா.ஜ.க.வின் எல். முருகன் இரண்டாவது, லோகேஷ் மூன்றாவது.